சொந்த அலுவல் என்னும் வருத்தம்

இரண்டு விண்ணப்பங்களைத் தவிர்த்தால் எங்கள் அரசாங்கக் கந்தோரில் எவருக்கும் அம்மாள், அதாவது அம்மை, வந்ததில்லை. நான் பிரதம எழுதுவினைஞராக இருந்த அத்தனை வருடத்து விடுமுறைப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்க்கலாம். கொப்புளிப்பானோ சின்னமுத்தோ ஓர் அரச ஊழியரின் படலையைத் தாண்டியதற்கு அந்த இரண்டு தாள்களுக்கு வெளியே ஆதாரம் கிடையாது. அவற்றிலும் ஒன்றுதான் உண்மை. மற்றவர்களுக்கு வந்த வருத்தங்கள் இரண்டே வகை. ஒன்று காய்ச்சல். மற்றது சொந்த அலுவல்.

இவற்றைப் பிரித்தறியத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் லீவுக் கிளாக்கர். கரவெட்டிக்காரர். கிழமை நாட்களில் இணுவிலில் ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்குவார். சனிக்கிழமை சைக்கிளில் ஊருக்குப் போவார். மெலிந்த மனிதர். சிரிப்பதற்கும் முன்அனுமதி தேவை என்று நினைப்பவர்போல் இருப்பார்.

கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் கட்டிடம் சண்டையில் கூரையிழந்த பிறகு, கந்தோர் இணுவிலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் கனடாவில். முன்மண்டபத்தில் நிர்வாகம், நடுவறையில் கணக்கும் தட்டச்சும், அடுப்பு அகற்றிய குசினியில் கோப்புகள், கார் கராஜில் நான். சாமியறையை மட்டும் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். இல்லாவிட்டால் அங்கேயும் ஓர் உதவிப் பணிப்பாளரை இருத்தியிருப்போம்.

காலையில் எல்லாரும் வந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். லீவுக் கிளாக்கர் வராதவர்களைப் பார்ப்பார். மாமரத்துக்குக் கீழே ஒவ்வொருவரும் சைக்கிள் விடும் இடம் அவருக்கு மனப்பாடம். எட்டரைக்கு அங்கே போய் நின்று, எந்த இடைவெளி நிரம்பவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் அமர்வார். ஒருவர் சுகமாக இருக்கிறாரா என்று அவர் யாரையும் கேட்டு நான் கண்டதில்லை.

"ஆள் வந்தால் ஆயிரம் கதை சொல்லுவான் ஐயா," என்பார் என்னிடம். "வராட்டில் ஒரு பொய்தான் சொல்லலாம். கண்டுபிடிக்கிறது லேசு."

அந்தப் பொய்யைப் பற்றி நான் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் அதை வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருவன். வெங்காயம் நடும் கிழமையில் வலிகாமத்து ஊழியரில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வரும். புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும் முறை வந்தால் வரும். ஊர்க் கோயில் தேருக்கு முதல்நாள் வரும். தீர்த்தத்துக்கு மறுநாள் மாறும். நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் ஒருவர் "மேற்படியார் கடும் சுரத்தினால் பீடிக்கப்பட்டு" என்ற வாக்கியத்தை அடித்தே வைத்திருந்தார். பெயரையும் திகதியையும் நிரப்பினால் போதும். சுகவீன விடுமுறை இப்படிச் சுகதேகிகளின் சொத்தாக இருந்தது.

உண்மையாக வருத்தம் வந்தவர்களோ அதை எழுதமாட்டார்கள். அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் வேப்பிலை கட்டலாம், வாய்க்குள் சொல்லிக் கும்பிடலாம். அரசாங்கப் படிவத்தில் எழுதி, குண்டூசியால் குத்தி, கோப்பில் கோப்பதா? ஆகவே அவர்கள் "சொந்த அலுவல்" என்று எழுதி, சான்றிதழ் கேட்காத அமய விடுமுறை எடுப்பார்கள். வயிற்றோட்டக்காரரும் அப்படியே, அது வெட்கத்தினால். சுருங்கச் சொன்னால், நலமாக இருந்தவர்கள் நோயை எழுதினார்கள், நோயாளிகள் அலுவலை எழுதினார்கள். நான் இரண்டிலும் ஒப்பமிட்டேன்.

லீவுக் கிளாக்கர் காரணத்தை வாசிப்பதே இல்லை. நாட்களை மட்டும் வாசிப்பார்.

காவலுக்கு இருந்த எங்கள் வாச்சர் வன்னிக்குப் போய்த் தமையனைப் பார்த்துவிட்டு வந்த கையோடு வேலைக்கு மட்டம் போடத் தொடங்கினான். ஒருநாள் சைக்கிள் ரியூப், ஒருநாள் மாமியார், ஒருநாள் காரணமே இல்லை. நான் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை மூன்று பந்திகளில் எழுதி முடித்திருந்தேன். நல்ல கடிதம். லீவுக் கிளாக்கர் அதை வாங்கி வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதை அனுப்பாதேங்கோ ஐயா."

"ஏன் காணும்? கிழமையிலை மூண்டு நாள் ஆளில்லை."

"திங்கள், புதன், வெள்ளி. ஞாயிறும் வந்திருக்கமாட்டான், அது எங்களுக்குத் தெரியேல்லை. அடுத்த கிழமை செவ்வாய், வியாழன். கள்ளன் இவ்வளவு ஒழுங்கா இருக்கமாட்டான் ஐயா. இது முறைக்காய்ச்சல்."

வாச்சரை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் பார்த்தார்கள். மலேரியா. கடிதத்தை நான் கிழிக்கவில்லை. "அனுப்பப்படவில்லை" என்று குறித்துக் கோப்பிலிட்டேன்.

அந்த நாட்களில்தான் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. பஸ் இல்லை, மருந்து இல்லை, ஆகவே சனம் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. எந்தப் பருவத்தில் எந்த நோய் எங்கே திரிகிறது என்று தெரிவதில்லை. எனவே ஒவ்வொரு கந்தோரும் சுகவீனத்தால் வராதவர்களின் தொகையை, காரணமும் வசிப்பிடமும் காட்டி, மாதாமாதம் அட்டவணையாக அனுப்ப வேண்டும். நல்ல யோசனை. ஒரு குறைதான்: நாங்கள் எழுதுவதை நம்பித் தீட்டப்பட்டிருந்தது.

லீவுக் கிளாக்கர் சுற்றுநிருபத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"எதை அனுப்புறது ஐயா? உள்ளதையோ, எழுதிக் கிடக்கிறதையோ?"

"எழுதிக் கிடக்கிறதுதான் உள்ளது," என்றேன். முப்பது வருட அரச சேவையில் நான் சொன்னவற்றில் இதைவிடச் சுத்தமான மடத்தனம் இருந்ததாக நினைவில்லை.

படிவங்கள் கொழும்பிலிருந்து வராத காலம். கடலை சுற்றிய சரைபோலக் கிடந்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் கோடு கீறி, அவர் அட்டவணையை அனுப்பினார். வெங்காயக் காய்ச்சல் இருபத்தொன்று. கொப்புளிப்பான் ஒன்று.

அந்த ஒன்று, எங்கள் களஞ்சியக்காரர். குருநகர் ஆள், கத்தோலிக்கர். அம்மாளோடு அவருக்குக் கொடுக்கல்வாங்கல் இல்லாததால், "எனக்கும் பிள்ளைக்கும் கொப்புளிப்பான், பத்து நாள் விடுமுறை தரவும்" என்று மனிதர் உள்ளதை எழுதிவிட்டார். மற்றக் கந்தோர்களிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும். சுகாதாரப் பகுதி அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்து, குடாநாட்டில் கொப்புளிப்பான் குருநகரை மட்டுமே பீடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சைக்கிளில் போய், களஞ்சியக்காரரின் ஒழுங்கையில் வீடுவீடாக ஏறி, சட்டி பானைகளைத் திறந்து பார்த்து, ஒழுங்கை முகப்பில் அறிவித்தலும் ஒட்டிவிட்டு வந்தார்.

களஞ்சியக்காரர் கராஜுக்குள் வந்து நின்றார்.

"ஐயா, நான் ஒரு சொல்லுத்தான் எழுதினனான். இப்ப எங்கடை ஒழுங்கைக்கை மீன் வாங்கக்கூட ஆக்கள் வருகினமில்லை."

"உண்மையை எழுதினால் அரசாங்கம் உம்மைத் தேடி வரும். தெரியாதே?"

"இப்ப தெரியும். இனி நானும் சொந்த அலுவல்தான். செபஸ்தியார் மன்னிப்பார்."

இப்படி, எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நம்பத்தகுந்த தரவையும் இழந்தோம். லீவுக் கிளாக்கர் பதிவேட்டை மூடினார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் ஒரு முறைப்பாடே எழுதித் தந்திருக்கலாம். அதற்குப் பதில் அனுப்ப எனக்குத் தெரியும்.

நடுவறையில் தட்டெழுதிய பெண்ணைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மானிப்பாய்ப் பிள்ளை. தற்காலிகமாக எடுத்த அமய ஊழியர். ஒரு வருடம் முறியாத சேவை காட்டினால் நிரந்தரமாக்கலாம் என்பது விதி. இரண்டு தடவை வருடம் நிரம்பப் பத்துப் பதினைந்து நாட்கள் கிடக்கையில் அவளுக்கு வயிற்றில் இருந்தது கலைந்து போயிற்று. இரண்டு தடவையும் "சொந்த அலுவல்" என்று எழுதினாள். அமய ஊழியருக்குச் சொந்தமாக அலுவல் இருக்க முடியாது. ஆகவே இரண்டு தடவையும் சேவை முறிந்து, மறுபடி முதலாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினோம். விதியைச் சுட்டிக்காட்டி முறித்தவன் நான். எழுத்தும் நன்றாக அமைந்திருந்தது.

மூன்றாம் முறையாக வருடம் நிரம்ப ஒன்றரை மாதம் இருந்தது. மூன்றாம் முறையாக அவள் பிள்ளைத்தாய்ச்சி. நாலாம் மாதம்.

ஒருநாள் காலை லீவுக் கிளாக்கர் கராஜுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஐயா, கணக்குக்காரர் வீட்டிலை பிள்ளையளுக்கு அம்மாள்."

"ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. மூண்டு நாள் சொந்த அலுவல் எடுத்தவர். வந்தநாள் தொடக்கம் சாப்பாட்டிலை பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. என்ரை கறியையும் தொடுறாரில்லை."

ஆண்கள் விறாந்தையில் ஒன்றாக இருந்துதான் சாப்பிடுவோம். அம்மாள் இருக்கும் வீட்டில் அடுப்பில் எண்ணெய் காயாது என்பது எனக்கும் தெரியும். அந்த மனிதரின் வெறும் பருப்பை நானும் ஒரு கிழமையாகப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு என் கத்தரிக்காயைச் சாப்பிட்டேன்.

"சரி. அதுக்கு?"

"பிள்ளையளுக்குக் கொப்புளம் போட்டுப் பத்து நாள். இன்னும் நாலு நாளிலை அவருக்குப் போடும். போட முதலே தொத்தும். அவருக்கும் தட்டெழுத்துப் பிள்ளைக்கும் இடையிலை ஒரு மேசைதான் கிடக்கு."

"அவவுக்குச் சின்னனிலை வந்திருக்கும்."

"வரேல்லை. சந்தையிலை தாயைக் கண்டு கதையோடை கதையாக் கேட்டனான்."

"ஆளை இடம் மாத்துவம்."

"எங்கை ஐயா, மாமரத்துக்குக் கீழையோ? ஒரு வாசல், ஒரு பானைத் தண்ணி."

"அப்ப அவவை வீட்டிலை நிக்கச் சொல்லும்."

"நிண்டால் சேவை முறியும். நாங்கள் இரண்டுதரம் முறிச்சுப்போட்டம்."

"நாங்கள்" என்றார். அவர் பதிவேட்டில் குறித்தவர் மட்டுந்தான்.

நான் விதிக்கோவையை எடுத்தேன். எனக்குத் தெரியாத பந்தி அதில் இல்லை. தொற்றுநோய் காரணமாகச் சுகாதார வைத்திய அதிகாரி ஓர் அறையை மூடினால், அங்கே வேலை செய்பவர்கள் வீட்டிலிருக்கும் நாட்கள் கடமை நாட்களாகவே கொள்ளப்படும். அமய ஊழியருக்கும் பொருந்தும். இப்படியொரு கருணை அந்தப் புத்தகத்தில் எப்படி நுழைந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஒரு நிபந்தனை: அறையில் உள்ள ஒருவர் நோயின் பெயரை எழுத்தில் தர வேண்டும்.

கணக்குக்காரரைக் கூப்பிட்டேன்.

"உம்மடை வீட்டிலை என்ன காணும்?"

"ஒண்டுமில்லை ஐயா. அம்மாளாச்சியின்ரை புண்ணியத்திலை எல்லாரும் சுகம்."

"பேந்து ஏன் மூண்டு நாள் லீவு?"

"சொந்த அலுவல்."

"என்ன அலுவல்?"

"சொன்னால் பிறகு அது சொந்தமில்லையே ஐயா."

நயமாகச் சொன்னேன், அதட்டினேன், பந்தியை வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் நிலையையும் சொன்னேன். மனிதரின் கண் கலங்கிற்று; கெட்டவர் அல்லர். ஆனால் கை எழுதவில்லை. "எனக்கு வந்தால் பரவாயில்லை ஐயா. இரண்டு பிள்ளையளுக்கும் இன்னும் தண்ணி வார்க்கேல்லை. இந்த நேரத்திலை நான் அந்தப் பேரைக் கடுதாசியிலை எழுதினால் அவ கோவிப்பா." முறைக்கு எதிராக முறையைக் காட்டலாம். அம்மாளுக்கு எதிராக எதைக் காட்டுவது?

அடுத்தநாள் என் மேசையில் ஒரு விடுமுறை விண்ணப்பம் கிடந்தது. லீவுக் கிளாக்கருடைய கையெழுத்து. காரணம் என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாக, "கொப்புளிப்பான்" என்று எழுதியிருந்தார். தினமும் விடுமுறைப் படிவங்களோடு கணக்குக்காரரின் அறைக்குள் அரைநாள் இருப்பவர் ஆகையால் அவரும் அந்த அறையைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படலாம். அவருடைய சுகவீன விடுமுறைப் பக்கம் அன்றுவரை வெறுமையாக இருந்தது.

அவர் வெளியே, யன்னலுக்கு அப்பால், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தொற்று உள்ளவர் உள்ளே வரக்கூடாது அல்லவா.

"உமக்குச் சின்னனிலேயே வந்ததெல்லோ காணும். மூக்கடியிலை தழும்பு கிடக்கு."

"ஓம் ஐயா. படிவத்திலை தழும்புக்குக் கட்டம் இல்லை."

"பொய்ச் சுகவீனம். பிடிபட்டால் வேலை போகும். பென்சனும் போகும்."

"அப்பிடிப் பாத்தால் காய்ச்சல் எண்டு எழுதின எல்லாருக்கும் போகோணும். பிறகு கந்தோரிலை நீங்களும் வாச்சரும்தான் மிஞ்சுவியள்."

நான் ஒப்பமிட்டேன். வாசிக்காமல் ஒப்பமிட்ட ஒரே கடுதாசி அது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நாலு தரம் வாசித்தேன்.

இனிப் பரிசோதகர் வந்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். அங்கேதான் எல்லாம் குழம்பும் என்று நான் பயந்தேன். வந்தவர், குருநகரில் சட்டி பானை திறந்த அதே பரிசோதகர். சேர்ட்டைக் கழற்றச் சொன்னால் ஒரு கொப்புளம்கூடக் காட்ட முடியாது. ஆனால் லீவுக் கிளாக்கர் தங்கியிருந்த வீட்டுக்காரி செய்தி கேட்ட கையோடு படலையில் வேப்பங்குழை கட்டி, வாசலில் மஞ்சள்தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார். பரிசோதகர் சைக்கிளால் இறங்கினார். குழையைக் கண்டார். செருப்பைக் கழற்றினார். கையிரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்றபடியே, "நோய் நேரிற் கண்டு உறுதிப்படுத்தப்பட்டது" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நடுவறை பதினாலு நாள் மூடப்பட்டது. தட்டெழுதும் பெண் வீட்டில் இருந்தாள். அவள் சேவையும் அங்கே முறியாமல் இருந்தது. லீவுக் கிளாக்கர் தமக்கு வராத நோய்க்காக வீட்டுக்காரி தந்த வேப்பிலைத் தண்ணீரில் குளித்து, உப்பில்லாக் கஞ்சி குடித்து, கிணற்றடிக்குப் போகவும் தடையாகி, பதினாலு நாளும் அறைக்குள் கிடந்தார். நாலாம் நாள் கணக்குக்காரரிடமிருந்து ஓர் ஆள் விண்ணப்பம் கொண்டுவந்தான். சொந்த அலுவல், இரண்டு கிழமை. ஏற்கெனவே லீவில் இருப்பவர் லீவு கேட்டது எங்கள் கந்தோரில் அதுவே முதல் தடவை. நாள் பிசகவில்லை.

அந்த மாத அட்டவணையில் எங்கள் கந்தோரின் கொப்புளிப்பான் தொகை ஒன்று என்று போயிற்று. நாங்கள் அனுப்பிய எத்தனையோ பொய்களில் உருப்படியான பொய் அதுதான்.

அறை திறந்தபிறகு கந்தோர் அவரை மன்னிக்கவில்லை. பெயர் எழுதப்பட்ட நோய்க்குத்தான் சொந்தக்காரர் உண்டு. கணக்குக்காரருக்கு வந்தது யாருக்கும் தெரியாத சொந்த அலுவல். இவருக்கு வந்தது பதிவேட்டில் கிடக்கும் கொப்புளிப்பான். "கந்தோருக்கை அம்மாளைக் கொண்டுவந்த மனிசன்" என்று குசினியில் பெண்கள் கதைத்தார்கள். யாவரிலும் தட்டெழுதும் பெண்தான் அதிகம் கதைத்தாள். அவளுக்குப் பயப்பட நியாயம் இருந்தது. அவர் மேசையைக் கடக்கும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

வருடம் நிரம்பியது. நிரந்தர நியமனக் கடிதத்தை நானே வரைந்தேன். பெண்குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குக் கந்தோர் முழுவதையும் அழைத்தாள், ஒருவரைத் தவிர. நான் போனேன். கணக்குக்காரர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சினார். "அந்த மனிசனைக் கூப்பிடேல்லை ஐயா, குறை நினையாதேங்கோ. பிள்ளை இருக்கிற வீடு," என்றாள். சொல்வதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. வடையும் இருந்தது. வடையைச் சாப்பிட்டேன்.

அடுத்தநாள் லீவுக் கிளாக்கரிடம் போனேன். "நான் அவவுக்குச் சொல்லப்போறன் காணும்."

"என்னத்தை?"

"நீர் செய்ததை."

அவர் பேனையை வைத்தார். "ஐயா, உங்களுக்கு நான் விதி சொல்லோணுமே? எனக்கு வருத்தம் வரேல்லை எண்டால் அறை மூடினது பிழை. அறை மூடினது பிழை எண்டால் அந்தப் பதினாலு நாளும் கடமையில்லை. கடமையில்லை எண்டால் சேவை முறிஞ்சது. நியமனக் கடிதம் பிழை. அவ ஒருத்திக்குச் சொல்லுவா, அது குசினிக்குப் போகும், குசினியிலிருந்து கணக்காய்வுக்குப் போக எவ்வளவு நேரம்?"

மனதுக்குள் விதிக்கோவையைப் புரட்டினேன். ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது.

"அவ மூக்கைப் பொத்தட்டும் ஐயா. பொத்துற மட்டும் லீவு செல்லும்." பிறகு, பேனையை எடுத்தபடி, "பிள்ளை நல்லா அழுகுதோ?" என்று கேட்டார்.

"தெருவுக்குக் கேக்குது."

"எனக்கு அது காணும்," என்றார்.

பிரசவ லீவு முடிந்து அவள் வந்த காலை, தட்டெழுதிய தாள்களோடு அவர் மேசைக்குப் போனதைப் பார்த்தேன். மூக்கில் சேலைத் தலைப்பு. தாள்களை இரண்டு விரலால் மேசையின் ஓரத்தில் வைத்தாள். அவர் கதிரையை விட்டு எழும்பி, இரண்டடி பின்னால் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார், தொற்று உள்ளவர் நிற்பதுபோல.